இருபத்தாறு எடுக்கவில்லை

தெருவில் அவளைப் பிரஷர்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பாள், குழந்தைகளை எடை போடுவாள், யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இருமல் என்று விசாரித்து, அங்கேயே நின்று போனில் தட்டி அனுப்பிவிடுவாள். புருஷன் விட்டுப் போனபிறகு அண்ணன் வீட்டுப் பின்னறைதான் அவளுக்கு இடம். அந்த வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடிந்தது இந்த வேலையால்தான்.

போன் சுகாதாரத் திட்டத்துக்காரர்கள் கொடுத்தது. அதற்கென்றே தனி நெட்வொர்க். பணியாளர்கள் தங்களுக்குள் பேசலாம், அலுவலகத்தோடும் டாக்டரோடும் பேசலாம். வெளியே ஒருவருக்கும் போகாது. ஆளுக்கொரு எண். அவள் பதினொன்று.

"ஊரு நோவெல்லாம் இதுல போவுது, கூடப்பொறந்தவனுக்கு ஒரு போன் போடத் துப்பில்ல" என்பாள் அண்ணி.

அந்தத் துப்பில்லாத போன்தான் அவளுக்கு ஒரு சிநேகிதியைத் தேடிக் கொடுத்தது. ஒருநாள் அலுவலகத்தை அழைப்பதாக நினைத்து இருபத்தாறை அழுத்திவிட்டாள்.

"தப்பா வந்துட்டே" என்றது ஒரு கனத்த குரல். "வந்தது வந்துட்டே, காசா பணமா, ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போ."

இருபத்தாறு வேலை பார்த்தது தொலைவில், கல்குவாரிப் பக்கம். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை இருவரும் போனைக் காதில் இடுக்கிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி. "எல்லாத்தையும் அளக்கச் சொல்றானுங்க, எங்க வீட்டுக்காரர் கொறட்டைய அளக்க ஒரு மிஷின் குடுக்கலியே" என்பாள். மேற்பார்வையாளருக்கு நெட்டை என்று பெயர் வைத்ததும் அவள்தான். இவளுக்கு அவள் அக்கா. அவளுக்கு இவள் பதினொண்ணு. பேர் கேட்க முதலில் தோன்றவில்லை. பிறகு, இத்தனை பழகிவிட்டு இனிமேல் கேட்பது அசிங்கம் என்று விட்டுவிட்டார்கள்.

குவாரிப் பக்கத்தில் இருமல் ஏறிக்கொண்டே போனது. அக்கா ஒவ்வொரு வீடாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அந்த இருமல் போனுக்குள்ளேயே கேட்டது.

"யாருக்கா இருமுறது?"

"நான்தான். ஊருக்கே வந்தது எனக்கு வராதா?"

"உன் இருமலையும் போன்ல ஏத்திடேன்."

"ஏத்திப் பாத்தேன். பணியாளர் நம்பரப் போட்டா எடுக்க மாட்டேங்குது. அளக்குறவளுக்கு நோவே வராதுன்னு நெனச்சுட்டானுங்க போல."

இவள் டாக்டரை அழைத்துச் சொன்னாள். அவர் நல்ல மனுஷன்தான். "அவங்க உங்க ஏரியா இல்லையேம்மா, அவங்களையே பேசச் சொல்லுங்க" என்றார். அக்கா பேசினாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாராம். லீவு போட்டால் நெட்டை குதிப்பான் என்று தள்ளிப்போட்டாள்.

பிறகு இருபத்தாறு எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படியே, அந்த மாசம் முழுக்க அப்படியே. லீவில் இருப்பாள் என்றார் நெட்டை.

திட்டம் முடிகிறது, எல்லோரும் போனோடு வரவேண்டும் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். பெரிய திரையில் கோடுகள் ஏறின, இறங்கின. குவாரிப் பக்கத்துக் கோடு மட்டும் சரசரவென்று இறங்கித் தரையைத் தொட்டது. "கடைசி மாசத்துல அங்க ஒரு இருமல் கேஸ்கூட இல்ல. இதுதான் நம்ம வெற்றி" என்றார் அதிகாரி. மண்டபமே கைதட்டியது. தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வெளியே நெட்டையைப் பிடித்தாள். "சார், அங்கேருந்து அனுப்புறது இருபத்தாறுதானே? அவ போனே எடுக்கல. யாரும் அனுப்பாததத்தான் நோவு இல்லன்னு காட்டுறாங்க."

நெட்டை சுற்றுமுற்றும் பார்த்தார். "எனக்குத் தெரியாதாம்மா? ரிப்போர்ட் மேல போயாச்சு. இப்ப வாயத் தொறந்தா என் தலதான் உருளும்."

"அவ பேரும் விலாசமுமாவது குடுங்க."

"பணியாளர் விவரமெல்லாம் ரகசியம். குடுக்கக்கூடாது" என்றபடி அவள் கையிலிருந்த போனை வாங்கிப் பெட்டியில் போட்டார். ஒரு தெருவே யாரிடமும் சொல்லாததை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள், ஒரே ஒரு பெயரைத் தர மறுத்தார்கள்.

பஸ் ஏறிப் போனாள். குவாரிப் பக்கத்தில் கூரை, இலை, துணிக்கொடி எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசி. எடை போட வருவாரே, அந்தம்மா வீடு எது என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தாள்.

சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்த பெண் எலும்பும் தோலுமாக இருந்தாள். யாரென்று தெரியாமல் விழித்தாள்.

"பதினொண்ணுக்கா."

முகம் மலர்ந்தது. சிரிக்கப் போனவளை இருமல் பிடுங்கிக்கொண்டது. நுரையீரல் முழுக்கக் கல்தூசி, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். அதையும் வீட்டுக்காரர்தான் சொன்னார். அக்காவால் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை.

"நீ குண்டா... இருப்பேன்னு... நெனச்சேன்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்க பக்கத்துக் கணக்கு... இப்ப யாரு?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தாள். வரவில்லை. "யாரும் இல்லக்கா. உங்க பக்கத்துல இருமலே இல்லன்னு சொல்லிக் கைதட்டுனாங்க."

பக்கத்து வீட்டில் யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"நீ தட்டுனியா?"

"தட்டுனேன்."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை பிரஷர்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அக்கா திரும்பக் கண்ணைத் திறக்கவில்லை. வாசலில் அண்ணனுடைய நம்பரை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவர் மனைவியைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். அந்தப் பேர் அவள் மனசில் ஒட்டவேயில்லை.

மழைக்காலம் தொடங்கும் முன்பே ஒரு சாயங்காலம் அண்ணி அறை வாசலில் வந்து நின்றாள்.

"குவாரியிலேருந்து உங்கண்ணனுக்கு யாரோ போன் பண்ணாங்க. உன் அக்கா போயிட்டாங்களாம்" என்றாள். "உனக்கு ஏதுடி அக்கா?"