ரயில்வே கேட்டில் வெள்ளிக் கைகள்

மாலை ஐந்து நாற்பதுக்கு சிவகாசி ரயில்வே கேட் மூடியது. பின் இருக்கையில் மகள் காய்ச்சலில் துவண்டு கிடந்தாள். இப்போது தேறிவிட்டாள். அன்று பதற்றத்தில் காரை எதிர்ப்பக்கப் பாதையில் ஏற்றி, கேட்டை ஒட்டி நிறுத்தினேன். என்னைப் பார்த்துப் பலர் பின்னால் வந்தார்கள். கேட் திறந்ததும் எதிர்வரும் வண்டிகளுக்கு வழியே இல்லை. ஹாரன் சத்தம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் இருந்தது.

அந்திப் புழுதியில் இரண்டு வெள்ளிக் கைகள் மிதந்து வந்தன. எதிரே நின்ற பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய பெண். முழங்கைவரை அலுமினியப் பொடி மின்னியது.

"ஏலே, லாரியப் பின்னால எடு! தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கு!"

எனக்குப் பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராக ஒதுக்கிவிட்டு, கடைசியாக என் ஜன்னலுக்கு வந்தாள்.

"புள்ளைக்கு முடியலம்மா, வழிவிடச் சொல்லுங்க" என்றேன்.

மகளைப் பார்த்தாள். குரல் தணிந்தது.

"எல்லாரும் விலகியாச்சு அண்ணாச்சி. மறிச்சு நிக்கிறது நீங்க மட்டுந்தான்."