கிராம்புக் கிடங்கில் ஓர் அரசி

சூலியா தெருவுக்குப் பின்புறமுள்ள சிறிய அரங்கிற்குச் சென்ற வாரம் போயிருந்தேன். முதலில் கிராம்புக் கிடங்காகவும் பின்னர் நாடகக் கொட்டகையாகவும் இருந்த அக்கட்டடம், நெடுங்காலம் பூட்டிக் கிடந்து இப்போது மீண்டும் திறக்கப்பட்டுள்ளது. திரை விலகியபோது பழைய சுவர்களிலிருந்து கிராம்பின் வாசனை எழுந்தது. இதே கொட்டகையில் சிறுவயதில் பார்த்த ஒரு நாடகம் நினைவுக்கு வந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முன்வரிசையில் அப்பாவின் அருகே அமர்ந்திருந்தேன். பெண் வேடங்களை ஆண்களே கட்டிய காலம் அது. அரசி வேடம் கட்டுபவருக்கு அம்மை கண்டதால், என் அக்காள் இரகசியமாக அவ்வேடத்தை ஏற்றிருந்தாள். அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே அது தெரியும். அப்பா அறிந்தால் மறுநாளே அவளைத் தொலைவிலிருக்கும் சுங்கை பாக்காப் ஊருக்கு, அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பிறகு மேடை என்ற பேச்சே இராது.

அக்காள் மேடைக்கு வந்தாள். அப்பாவைக் கண்டதும் அவளுக்கு வசனம் மறந்துபோயிற்று.

“என்னலா இது, ராணி தூங்கிட்டாங்களா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கொட்டகையே சிரித்தது.

அப்பா எழுந்தார். நான் அவர் சட்டையைப் பற்றிக்கொண்டேன்.

“‘மன்னா, என் மகனைத் திருப்பித் தாருங்கள்.’ சொல்லும்மா! ஒரு வாரமா அம்மி அரைக்கும்போது அதைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தே?” என்று அப்பா மேடையை நோக்கிக் குரல் கொடுத்தார்.

அக்காளின் குரல் கணீரென்று எழுந்தது.

“அண்ணே, உக்காருங்க லா! ராணிய மறைக்கிறீங்க!” என்றார் அதே மனிதர்.

அப்பா அமர்ந்தார். திரை விழும்வரை அக்காளின் ஒவ்வொரு வசனத்தையும் அவருடைய உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.