உப்புக் கணக்கில் வராத கடுமாங்காய்

இன்று காலை என் கணவரை இழுத்துக்கொண்டு கொச்சியில், கொச்சங்காடியில் இருக்கும் மலையாளி டாக்டரம்மாவிடம் போனேன். மாத்திரை சாப்பிட்டும் இவருக்கு பிபி குறையவில்லை.

"உப்பு குறைச்சில்லே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"குறைச்சாச்சு டாக்டர். சாம்பார்ல பாதிதான். மோர்ல அதுவும் கிடையாது," என்றார் இவர், தியாகி மாதிரி.

"கஞ்சிக்குத் தொட்டுக்க?"

"கடுமாங்காய்."

"அது உப்பிலிட்ட மாங்காயல்லே?"

"அது ஊறுகாய் டாக்டர். உப்புல சேராது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எதுல போனாலும் உப்பு உப்புதான் சேட்டா. அது உடம்புல தண்ணியைப் பிடிச்சு வெக்கும். ரத்தத்தோட அளவு கூடும், குழாய் அதே குழாய்தானே? தினமும் ரத்தம் வந்து இடிச்சா குழாய் இறுகிப்போகும்."

"நானும் இதையேதான் தினமும் சொல்றேன் டாக்டர்," என்றேன்.

உடனே டாக்டரம்மா என் கையிலும் பிபி பார்க்கும் பட்டையைச் சுற்றினார். இவரைவிட எனக்கு அதிகம். நானும் அதே கஞ்சி, அதே மாங்காய்தானே.

வீடு வரும்வரை இவர் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

கடுமாங்காய் ஜாடியைப் பரணில் ஏற்றியாயிற்று. ஆனால் எங்கள் இருவருக்குமே ஏணி ஏறத் தெரியும். பிபி சரியாக இருக்கிற யாராவது மட்டாஞ்சேரிப் பக்கம் வந்தால், தயவுசெய்து அந்த ஜாடியை எடுத்துக்கொண்டு போங்கள்.