ஷெட்டில் இருந்த நல்ல டயர்கள்

1959 டிசம்பர் 7, திங்கட்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து, காரைத் துடைத்து, எஞ்சின் எண்ணெய் பார்த்தேன். வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிளாக்கர் நான். சம்பளத்தில் மிஞ்சுவதெல்லாம் நுவரெலியா மலைப்பாதைக் கார்ப் பந்தயத்துக்கே போகும். புது டயர்களைப் பந்தயத்தன்று மட்டும் மாட்டுவேன். மற்ற நாட்களில் தேய்ந்த டயர்கள்தான்.

அன்று மகளுக்கு ஹட்டனில் பரீட்சை. தோட்டத்து ஏற்றத்தில், மழைச் சேற்றில் சக்கரங்கள் சுழன்றனவே தவிர, கார் நகரவில்லை. எரிச்சலில் மழையைத் திட்டினேன், பாதையைத் திட்டினேன். கொழுந்தெடுக்கப் போன பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுத் தள்ள வந்தார்கள்.

"கிளாக்கரய்யா, ரேஸுலயும் இப்படித்தான் ஆளு வச்சுத் தள்ளுவாங்களா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்களோடு சேர்ந்து தள்ளிய மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"நல்ல டயர் ஷெட்டுல இருக்குங்க அக்கா. அது அப்பாவோட ரேஸுக்கு," என்றாள். அவள் குறை சொல்லவில்லை. வீட்டு வழக்கத்தைச் சொன்னாள்.

சேறு படிந்த வெள்ளைச் சீருடையோடு அவள் பரீட்சைக்குப் பிந்தித்தான் நுழைந்தாள். என் கோபம் அன்று முழுவதும் தணியவில்லை. ஆனால் அது இப்போது மழைமேல் இல்லை.

அந்த டயர்கள் தேய்ந்தால் வேறு வாங்க எனக்கு வழியில்லை. அத்தோடு பந்தயமும் முடிந்துவிடும். மறுநாளும் அவளுக்குப் பரீட்சை இருந்தது. காலையில் எழுந்ததும், தேநீர்கூடக் குடிக்காமல், ஷெட்டைத் திறந்து புது டயர்களை எடுத்து மாட்டினேன்.