கற்பூரம் ஓடாத தண்ணீர்

சற்குணம் இறந்த செய்தியைச் சொன்னவள் நம் பள்ளி ஆயா கன்னியம்மா. விம்கோ நகரிலிருந்து தொலைபேசியில், "டீச்சர், நம்ம சற்குணம் டீச்சர் பூட்டாங்க" என்றாள். அவருடன் ராயபுரத்தில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்த ஆசிரியர்கள் உங்களில் ஒருவரும் சொல்லவில்லை.

அடக்கத்தின்போது வரிசையாக வந்து அவர் நேர்மையைப் புகழ்ந்தீர்கள். என் கணவர் இறந்தபோதும் இப்படித்தான், ஒருவர் சொன்னதையே எல்லோரும் சொன்னீர்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த அறிவியல் கண்காட்சி நினைவிருக்கும். வட்டத் தட்டின் நடுவே கிண்ணத்தைக் கவிழ்த்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, அடியில் கற்பூரம் ஒட்டிய பிளாஸ்டிக் வில்லைகளைச் சற்குணம் மிதக்கவிடுவார். கற்பூரம் கரையக் கரைய ஒவ்வொன்றும் தானாக ஓடும். முதலில் முட்டிக்கொள்ளும், பிறகு அத்தனையும் ஒரே திசையில் சுற்றும். "இதுல தலைவர் யாரும் கிடையாது. பக்கத்துல இருக்கிறதுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொண்ணும் திரும்புது, அவ்வளவுதான்" என்பார்.

வீட்டுத் தண்ணீரில் ஒத்திகை நன்றாக நடந்தது. கண்காட்சியன்று பள்ளி ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றினார். ஒரு வில்லைகூட அசையவில்லை. நாம் சிரித்தோம். தட்டைக் கொதிநீரில் கழுவி மறுபடி பார்த்துவிட்டு, "தண்ணி மேல எண்ணெய் படிஞ்சிருக்கு, அதான் கற்பூரம் ஓடல. பிள்ளைங்களுக்கு இதைக் குடுக்காதீங்க" என்றார்.

"கெரசின் நாத்தம் அட்ச்சிகினு கீதுன்னு நான் எத்தினி வாட்டி சொன்னேன்? ஆயா மூக்குன்னா மூக்கு இல்லியா?" என்றாள் கன்னியம்மா.

தலைமையாசிரியையோ, தண்ணீர் நன்றாக இருப்பதாக ஒரு தாளில் எழுதி, நாம் கையெழுத்திடத் தன் மேசைமேல் வைத்தார். யாரையும் வற்புறுத்தவில்லை. ஒருவர் கையெழுத்திட்டார்; அதைப் பார்த்து அடுத்தவர். மதியத்துக்குள் சற்குணத்தின் பெயரைத் தவிர எல்லாப் பெயரும் இருந்தன. பிள்ளைகள் அதையே குடித்தார்கள். சற்குணம் மட்டும் தன் வகுப்புக்குத் தினமும் இரண்டு குடம் தண்ணீரை ஆட்டோவில் கொண்டுவந்தார். 'குடம் டீச்சர்' என்று கேலி செய்தோம்.

அவர் ஓய்வு பெற்ற நாளில், "முதல் கையெழுத்து யாருடையதுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். பழியை அந்த ஒருவர்மேல் இறக்கிவைக்க நினைத்தேன்.

"அதைத் தேடாதீங்க தெரசா. நீங்க எப்பத் திரும்புனீங்கன்னு பாருங்க."

நான் ஒன்பதாவது. அந்தத் தண்ணீரின் நாற்றம் எனக்கும் தெரிந்திருந்தது. மேலே எட்டுப் பெயர்கள் இருந்ததைப் பார்த்துவிட்டு, என் கான்வென்ட் எழுத்தில் அழகாகக் கையெழுத்திட்டேன். சற்குணத்திடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். நீங்கள் எத்தனையாவது?