ராஜையா வீட்டு ஓபரா

பாறசாலைக்குத் தெற்கே, கேரள எல்லைக்கு இந்தப்புறம், ராஜையா வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று வதந்தி. சாயா வேண்டுமென்றாலும் பாட்டாம், சட்டை எங்கே என்றாலும் பாட்டாம். ஏதோ புது சபையில் சேர்ந்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி. சீரியலுக்குப் பயிற்சி என்று இன்னொரு கட்சி. இரண்டையும் நம்பிவிட்டுத்தான் சரிபார்க்கப் போனேன்.

வதந்தி பாதி உண்மை. பாடுவது ராஜையா மட்டும்.

அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். முப்பது வருஷமாக சபைப் பாடகர் குழுவில் கனத்த குரல். அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் தேங்காயையும் கோழியையும் சபைக் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவதும் அவர்தான். போன வருஷம் பக்கவாதம் வந்தது. கை கால் திரும்பிவிட்டன, பேச்சு திரும்பவில்லை. 'தண்ணி' என்று தொடங்கினால் 'த'வோடு நின்றுவிடும். ஆனால் ஒரு ஞாயிறு, ஆராதனையில் கீர்த்தனை முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் பாடினார். பேச்சுப் பயிற்சி தரும் நீது ஆச்சரியப்படவில்லை. "சிலருக்கு இப்படி உண்டு. சொல்ல வேண்டியதைப் பாடச் சொல்லுங்க."

நானூறு வருஷத்துக்கு முன் இத்தாலியில் சில கனவான்கள் கூடி, பழைய கிரேக்கர்கள் நாடகத்தை முழுக்கப் பாடியே நடித்தார்கள் என்று முடிவு கட்டினார்கள். அவ்வளவும் சரியல்ல என்கிறார்கள் இப்போது. அந்த அரைத் தப்பிலிருந்துதான் ஓபரா பிறந்தது. முதலில் பேச்சும் பாட்டுமாய் ஒரு நடை. பிறகு கதையை நிறுத்திவைத்து மனசைக் கொட்டும் தனிப்பாட்டு. பக்கத்தில் சேர்ந்து பாட ஒரு கூட்டம்.

ராஜையா வீட்டில் இது நாலே மாதத்தில் நடந்தது. முதலில் இரண்டு சுரத்தில் 'தண்ணி தா'. அப்புறம் நீட்டி, 'ஜெயபாயி, சாயாவுக்கு மதுரம் பத்தாது'. அப்புறம் குளியலறையிலிருந்து கால் மணி நேரம், துவர்த்து, அதாவது துவட்டும் துண்டு, எங்கே என்று ஒரு தனிப்பாட்டு.

"நானும் பாட்டுல பதில் சொல்லணுமாம், சாரே. இல்லேன்னா முகத்தைத் தூக்கி வச்சிருக்கும் இந்த ஆளு," என்றாள் மனைவி ஜெயபாய். "எனக்குப் பாட்டு வராதாக்கும்."

ராஜையாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: இந்த வருஷ ஏலம். சபைச் செயலாளர் பிஜு வீட்டுக்கே வந்தார். "அண்ணன் இந்தத் தடவை இருந்து பாத்தா மதி, அது போதும். வாலிபர் சங்கத்து ஷைஜு ஏலம் விடட்டும்."

ராஜையா துக்க வெள்ளிக்கு, அதாவது புனித வெள்ளிக்கு, பாடும் மெட்டில் பாடினார்: "நான் செத்தா போனேன், பிஜூ?"

பிஜு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "ஏலம் விட ஒரே ஒரு சக்கை தாறோம். திக்கினா மைக்கை ஷைஜுகிட்ட குடுத்திரணும்."

பண்டிகையன்று சக்கை, ஒரு முழுப் பலாப்பழம், மேசைக்கு வந்தது. 'ஒரு தரம்' கீழே, 'ரெண்டு தரம்' மேலே, 'மூணூ...' என்று ஏறி, அங்கே நின்றுவிட்டார். வாய் அசைந்தது, சொல் வரவில்லை. ஷைஜு கையை நீட்டினான். அப்போது பாடகர் குழுப் பெண்கள் அந்த 'மூணூ'வைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு மூச்சு முட்டினால் அடுத்தவள் பிடித்தாள், கீழே விழவிடவில்லை. 'தரம்!' என்று வந்து இறங்கினார் ராஜையா. ஷைஜு நீட்டிய கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு மைக்கை யாரும் கேட்கவில்லை. ஏலம் கேட்டவர்களும் பாடியே விலை சொன்னார்கள். கடைசியில் ஒரு கறுத்த கோழி. "நூத்தம்பது," என்றாள் ஜெயபாய்.

"பேச்சு இங்கே செல்லாது, ஜெயபாயி, பாடிக் கேளு," என்று பாடினார் ராஜையா.

"அய்யோ, ஆளுங்க பாக்குது! வீட்டுல பாடித் தாறேன், இப்போ கோழியைத் தாங்க."

மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் பாடி, கோழியைக் கொடுத்தார்.

கோழி இதுவரை ஒன்பது முட்டை இட்டிருக்கிறது. பாட்டு வரவில்லை. நேற்று விசாரித்தேன். "தாறேன்னு சொன்னேன், எப்பன்னு சொன்னேனா?" என்றாள் ஜெயபாய்.

உள்ளேயிருந்து ராஜையா சுருதி மட்டும் கொடுத்தார்.