பெயிண்ட்டக்காவும் எதிர்வீட்டு டப்பாவும்

கடைத்தெரு முனையில் இருந்த பெயிண்ட் கடையில் அவளுக்கு நிறம் கலக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பெயிண்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவள் நக ஓரத்தில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கடையில் இருப்பதென்னவோ வெள்ளை டின்கள்தான். வருகிறவர்கள் துணித் துண்டு, உடைந்த ஓடு, குழந்தையின் செருப்பு என்று எதையாவது நீட்டி "இதே கலர் வேணும்" என்பார்கள். ஒருவர் கிளியின் இறகையே கொண்டுவந்தார். பெயிண்ட்டக்கா அதை வாசல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பாள், உள்ளே டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு தடவை பார்ப்பாள். பிறகு வெள்ளையில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விடுவாள். மஞ்சள் இத்தனை, சிவப்பு இத்தனை, கறுப்பு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. கறுப்பு ஒரு சொட்டு கூடிப்போனால் வானம் சாக்கடையாகிவிடும். போட்ட சொட்டைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

பகலெல்லாம் இப்படிக் கண்ணும் கையும் வேலை செய்துவிட்டு இருட்டும்போது வீட்டுக்கு வந்தால், புத்தி கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். குக்கரில் உருளைக்கிழங்கும் பயறும் போடுவாள். ஒரு வெங்காயத்தை நறுக்கி வதக்கிக் கொட்டுவாள். ஒருநாள் சோற்றோடு, ஒருநாள் ரொட்டியோடு. ராத்திரிச் சாப்பாடு என்றால் அந்த வீட்டில் அதுதான். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த புருஷன் எதுவும் சொன்னதில்லை. அவர் பொதுவாகவே எதுவும் சொல்லாதவர். மகள் மட்டும் தட்டைப் பார்த்ததும் "ஹலோ, நேத்து பார்த்தோமே, ஞாபகம் இருக்கா?" என்று உருளைக்கிழங்கிடம் விசாரிப்பாள்.

எதிர்வீட்டில் நாத்தனார் இருந்தாள். புருஷனுடைய அக்கா. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகல் முழுக்க நாத்தனார் தனி. சமையல் அவளுக்குப் பிரமாதமாக வரும். வந்தால் மட்டும் போதுமா, நாலு பேர் சொல்ல வேண்டாமா?

ஒருநாள் சாயங்காலம் அவள் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவோடு தெருவைக் கடந்து வந்தாள். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"தம்பி வந்துட்டானா? அவனுக்குக் கொஞ்சம் கொண்டு வந்தேம்மா."

"எதுக்கு அண்ணி சிரமம்?"

"சிரமம் என்ன? பாவம் அவன், பகல் பூரா வண்டிக்கு அடியில கிடந்துட்டு வர்றான். இங்க வந்தா தினமும் அதே உருளைக்கிழங்கு. நாக்கு செத்தே போயிருக்கும்." பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளை அண்ணாந்து பார்த்து, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். "ஊர்ச் சுவருக்கெல்லாம் கலர் கலரா கலக்கிக் குடுக்கிறா, வீட்டுத் தட்டுல மட்டும் ஒரே கலர்!"

மாடிக்காரி சிரித்தாள். சைக்கிளில் போன ஒரு ஆளும் சிரித்தான். அவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பெயிண்ட்டக்காவுக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று புருஷன் டப்பாவை வழித்துச் சாப்பிட்டார்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"ம்."

"அவ்வளவு நல்லா இருக்கா?"

"அக்கா ஆசையா கொண்டு வந்திருக்கா. வேண்டாம்னா சொல்ல முடியும்?"

மறுநாளும் டப்பா வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒருநாள் வறுத்த மீன், ஒருநாள் முட்டை, ஒருநாள் தேங்காய்ப்பாலில் வேகவைத்த காய். கேட்டுக்கு வெளியே அதே "பாவம் என் தம்பி". பெயிண்ட்டக்கா சிரித்த முகத்தோடு டப்பாவை வாங்கிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இந்த டப்பா ஒருநாள் திறக்காமல் திரும்பிப் போக வேண்டும். அதை அவள் கையால் திருப்பிக் கொடுத்தால் மருமகள் திமிர் என்பார்கள். புருஷன் கையாலேயே போக வேண்டும், தெரு பார்க்கப் போக வேண்டும். அதற்குக் குறைந்து எதையும் ஏற்பதாக இல்லை.

சமைத்துக் காட்டுகிறேன் என்று இறங்கினாள். முதல் வாரம் மானம் போயிற்று. வீட்டில் இருந்த பொடியையெல்லாம் ஒரே நாளில் கொட்டினாள். அடுப்படியில் நின்று கரண்டியை நக்கிப் பார்த்தபோது அமிர்தமாக இருந்தது. தட்டுக்கு வந்ததும் உப்பும் கசப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, பழைய உருளைக்கிழங்கு எங்க போச்சு? அதுகிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்" என்றாள். புருஷன் அக்காவின் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த வாரம் கடைக்கு ஒருவர் கோபமாக வந்தார். முந்தின நாள் வாங்கிப்போன டின்னை மேஜையில் வைத்து, இது தான் கேட்ட நிறமே இல்லை, ஒரு பட்டை அடித்ததுமே தெரிந்துவிட்டது என்று கத்தினார். பெயிண்ட்டக்கா வழக்கமாக எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னாள்.

"ஈரத்துல பார்த்தா அது பொய் சொல்லுங்க. காஞ்சப்புறம் பாருங்க, அதுதான் நிஜம்."

சொன்ன வாய் அப்படியே நின்றது. அடுப்பில் கொதிக்கிறதை நாக்கில் வைத்து ருசி பார்ப்பதும் ஈரச் சுவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் ஒன்றுதானே? தட்டுக்கு வந்து ஆறின பிறகல்லவா சாப்பிடுகிறார்கள்? அதுமட்டுமா, கடையில் ஒவ்வொருவருக்கும் புதிதாக வெள்ளை காய்ச்சுகிறோமா? வெள்ளை ஒன்றுதான், மாறுவது சொட்டு. வீட்டில் எதற்காகத் தினமும் அடியிலிருந்து தொடங்கித் திண்டாடுகிறோம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பயறையும் உருளைக்கிழங்கையும் பெரிய பாத்திரத்தில் வேகவைத்து, உப்பைக் குறைத்தே போட்டு, வெங்காயத்தைப் பொறுமையாகச் சிவக்க வதக்கிச் சேர்த்தாள். ஆறவிட்டுப் பிரித்து ஃபிரிட்ஜில் அடுக்கினாள். இதுதான் வெள்ளை. திங்கட்கிழமை வந்ததும் அதில் ஒரு கரண்டி மட்டும் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, பொன்னிறமாகப் பொரித்த பூண்டும் எலுமிச்சைச் சாறும் விட்டாள். உடனே வாயில் வைக்கவில்லை. கைகால் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஆறியதைத் தொட்டுப் பார்த்தாள். புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. பாழானது ஒரு கரண்டிதான், பாத்திரம் தப்பித்தது. அடுத்த கரண்டியில் சாற்றைக் குறைத்தாள்.

செவ்வாய்க்கிழமை தீயில் சுட்டு உரித்த தக்காளி. புதன்கிழமை வறுத்த வேர்க்கடலையும் மிளகாயும் இடித்துத் தூவியது. ஒருநாள் அதையே மசித்து வட்டமாகத் தட்டி, ஓரம் மொறுமொறுக்கச் சுட்டாள். ஒருநாள் பச்சைக் கொத்துமல்லியை அரைத்து ஊற்றி, மேலே அவித்த முட்டையை உடைத்து வைத்தாள். மகள் உருளைக்கிழங்கை விசாரிப்பதை நிறுத்திவிட்டுத் தட்டை வழித்தாள்.

"அம்மா, இதுவும் அதே உருளைக்கிழங்கா?"

"அதேதான்."

"மேக்கப் போட்டா ஆளே அடையாளம் தெரியல!"

பூண்டு பொரியும்போது பெயிண்ட்டக்கா தெருப்பக்கத்து ஜன்னலை வேண்டுமென்றே திறந்து வைத்தாள், அதுவும் நாத்தனார் டப்பாவோடு தெருவில் இறங்கும் நேரமாகப் பார்த்து. வாசனை தெருவின் நடுவிலேயே அவளை எதிர்கொண்டது. கேட்டில் வந்து நின்றவளின் மூக்கு ஒரு தடவை விரிந்து சுருங்கியதைப் பார்த்ததில் பெயிண்ட்டக்காவுக்கு அன்றைய அலுப்பெல்லாம் பறந்துவிட்டது.

ஆனால் டப்பா நிற்கவில்லை. புருஷன் பெண்டாட்டி வைத்ததையும் சாப்பிட்டார், அக்கா கொடுத்ததையும் சாப்பிட்டார். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்தது.

"நான் சமைக்கிறது பிடிச்சிருக்கா இல்லையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அப்ப அக்காகிட்ட வேண்டாம்னு சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். ஒருநாள் பார்த்துச் சொல்றேன்."

அவர் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாக்கை ஜெயித்தாயிற்று, வாயைத் திறக்க வைக்க முடியவில்லை. யோசித்தாள். தனக்கு எங்கே வலித்ததோ அங்கேயே அடிக்க வேண்டும். அப்போதுதான் கணக்குச் சரியாகும்.

மறுநாள் டப்பாவைப் பளபளவென்று தேய்த்து, அதில் அன்று செய்ததை நிறைத்தாள். லிஃப்ட்காரர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் நேரம் பார்த்துத் தெருவைக் கடந்தாள். எதிர்வீட்டுக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"அண்ணா வந்துட்டாரா அண்ணி? பாவம், பகல் பூரா லிஃப்ட்டுக் குழிக்குள்ள நின்னுட்டு வர்றாரு. அவருக்காகக் கொஞ்சம் கொண்டு வந்தேன்."

மாடிக்காரி துணியை விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவருக்கு வந்தாள். நாத்தனாரின் முகம் கறுத்தது. வாங்க மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. அத்தனை நாள் அவள் செய்ததும் இதைத்தானே?

முதல்நாள் அதை அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறாள். லிஃப்ட்காரர் மோப்பம் பிடித்துக்கொண்டே போய் எடுத்துவிட்டார். இரண்டாம் நாள் வாசலிலேயே காத்திருந்தார். அப்புறம் தெருவின் இந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சி! இன்னைக்கு என்ன?"

"வந்ததும் பாருங்கண்ணா!"

நாத்தனார் சும்மா இருக்கவில்லை. இருப்பதையெல்லாம் வறுத்தாள், பொரித்தாள், அரைத்தாள். அவள் சமையல் அப்போதும் குறை சொல்ல முடியாததுதான். ஆனால் ரோஷத்தில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் மளமளவென்று செய்து தீர்த்துவிட்டாள். அப்புறம் மறுபடி மீனில் தொடங்கினாள். ஒரு சாயங்காலம் கதவு திறந்திருந்த நேரத்தில் லிஃப்ட்காரரின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"என்ன, இன்னைக்கும் அதேவா?"

பெயிண்ட்டக்கா தன் வீட்டு ஜன்னலில் நின்று அதைக் கேட்டாள். கேட்டதை வாயில் போட்டுக் கரையவிட்டாள். அன்று அவள் தூங்கிய தூக்கம் மாதிரி வேறு என்றைக்கும் தூங்கியதில்லை. பாவம் என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது உண்மை. சைக்கிள்காரனின் சிரிப்பை நினைத்துக்கொண்டாள், எண்ணம் வந்த வழியே போய்விட்டது.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பெயிண்ட்டக்கா வீட்டில் ஒரு சுவிட்சில் பொறி பறந்தது. அதைப் பார்க்க வந்த லிஃப்ட்காரர் வேலையை முடித்ததும் கிளம்பவில்லை. மேஜையில் தட்டு போடப்படுவதைப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூடிரைவரை மெதுவாகத் துடைத்தார்.

"உக்காருங்கண்ணா, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்."

"அவ திட்டுவா" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவர் பாதித் தட்டில் இருக்கும்போது நாத்தனார் வந்தாள். அன்று கேட்டில் நிற்கவில்லை, நேரே உள்ளே வந்தாள். கையில் டப்பா. புருஷனைப் பார்த்தாள், அவர் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தாள்.

"அங்க எடுத்து வச்சிருக்கேன். எழுந்து வாங்க."

"இதோ, முடிச்சிட்டு வர்றேன்" என்றார் அவர். எழவில்லை.

நாத்தனார் டப்பாவைத் தம்பிக்கு முன்னால் வைத்தாள். மூடியைத் திறக்காமல் கையை அதன் மேலேயே வைத்திருந்தாள்.

"நீயாவது சாப்பிடுடா. உனக்குப் பிடிச்சதுதான் செஞ்சிருக்கேன்."

மகள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தாள். பெயிண்ட்டக்கா கரண்டியோடு நின்றாள். உதவிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. புருஷன் பேசாவிட்டால் இத்தனை பாடும் வீண் என்று அவளுக்குத் தெரியும். அவர் டப்பாவைப் பார்த்தார், லிஃப்ட்காரரின் தட்டைப் பார்த்தார், தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். கடைசியில் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அதில் விட்டுக்கொடுக்கும் சாயலே இல்லை.

"அக்கா" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேண்டாங்க்கா. இங்க செஞ்சதே போதும். நாளையிலிருந்தும் வேண்டாம்."

"நான் வேண்டாதவளா போயிட்டேனா?"

"நீ வேண்டாம்னு யார் சொன்னா? டப்பாதான் வேண்டாம்."

நாத்தனார் கையை எடுத்தாள். டப்பாவை எடுக்கவில்லை. விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

"மறந்து வச்சிட்டுப் போறாங்க, கொண்டு போய்க் குடுங்க" என்றாள் பெயிண்ட்டக்கா. குரலில் தேன் சொட்டியது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தபடி அக்காவின் பின்னால் தெருவில் இறங்கினார். பெயிண்ட்டக்கா ஜன்னலுக்கு ஓடினாள். மாடிக்காரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவிளக்கின் கீழே அந்த டப்பா மூடி கழலாமல் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் நாத்தனார் அதை வாங்கிக்கொண்டாள், வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

அந்த நேரம் திரையை இழுத்து மூடியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் மூடியிருப்பார்கள். பெயிண்ட்டக்கா கையை நீட்டி ஜன்னல் பக்கத்து விளக்கைப் போட்டாள், தான் நிற்பது நன்றாகத் தெரியட்டும் என்று.

பின்னால் லிஃப்ட்காரர் தட்டை வழிக்கும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, இன்னும் கொஞ்சம் இருக்கா? இல்ல, நான் கிளம்பட்டுமா?"

"இருக்குண்ணா, நிறைய இருக்கு." அவள் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. "நிதானமா சாப்பிடுங்க. அண்ணி வந்து இன்னொரு தடவை கூப்பிடட்டும்."